போன் மேல் போட்ட பழி

கல்யாணமாகி நான்கு வருடம் வரை, குழந்தை இல்லாததற்குக் காரணம் நான்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். மூன்றாவது வருடம் வரை நானும் நம்பினேன். தேனியில் ஒரு பெண் மருத்துவர் எனக்கு எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, அடுத்த தடவை அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அது 2006. அவர் வரவில்லை.

என் கணவர் தேனி மார்க்கெட்டில் தக்காளி வாங்கி மதுரைக்கும் கேரளத்துக்கும் அனுப்புகிறவர். காலையில் எங்கள் ஊர் ஜெயமங்கலத்திலிருந்து பைக்கை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். போன் எப்போதும் பேண்டின் இடது பாக்கெட்டில் இருக்கும். சாப்பிடும்போதுகூட வெளியே எடுத்து வைக்க மாட்டார்.

டெஸ்ட் பேச்சை எடுத்தாலே, "எனக்கென்ன? நல்லாத்தான இருக்கேன்" என்று எழுந்துவிடுவார். கோபமாகச் சொன்னால் சண்டையாவது போடலாம். சிரித்துக்கொண்டே சொல்வார். ஒரு வருடம் இப்படியே போனது. அவர் தங்கையின் வளைகாப்பு நடந்த அன்று, வளையல் போடும் நேரத்துக்குச் சரியாக என் மாமியார் என்னை அடுப்படிக்கு அனுப்பினார். "அங்கன பாயசத்தப் பாத்துக்க ஆத்தா, அடிப்பிடிச்சிரும்." போய்ப் பார்த்தால் பாயசத்தை எப்போதோ இறக்கி வைத்திருந்தார்கள்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்தது. போனைப் பேண்ட் பாக்கெட்டிலேயே வைத்திருக்கும் ஆண்களுக்கு அதன் கதிர்வீச்சால் விந்தணு குறையலாம் என்று வெளிநாட்டு டாக்டர்கள் சிலர் சந்தேகப்படுகிறார்களாம். அவர் அதை இரண்டு முறை படித்தார். இட்லி ஆறிப்போனது. பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போனை எடுத்து டிவி மேல் வைத்தார்.

மறுநாள் காலையில் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "இந்தப் போனால இருக்குமோ? எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாப்பமா?"

வாயைத் திறந்தால் மனசு மாறிவிடுவாரோ என்று பயந்து, தலையை மட்டும் ஆட்டினேன்.

தேனியில் அந்த லேபில் இதற்கென்று தனி அறை கிடையாது. கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து பாத்ரூமைக் காட்டினார்கள். வெளியே பெஞ்சில் சர்க்கரை டெஸ்டுக்கு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான்கு வருடத்தில் என்னை எத்தனை பேர் எத்தனை பரிசோதனை செய்திருக்கிறார்கள்! இருந்தும் அன்று எனக்கு அவர் மேல்தான் இரக்கம் வந்தது.

ரிசல்ட்டில் அணுக்களும் குறைவு, அவற்றின் ஓட்டமும் குறைவு. அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் செய்தித் துண்டை எடுத்து, அதே பெண் மருத்துவரின் மேசையில் விரித்தார். மருத்துவர் முழுக்கப் படித்தார்.

"போனாலதான்னு இதுலயே சொல்லலையே. 'குறையலாம்'னுதான போட்டுருக்கு? சிலர் ஆமாங்குறாங்க, சிலர் இல்லைங்குறாங்க. பாக்கெட்டை விட்டு எடுத்துருங்க, அதுல நஷ்டமில்ல. ஆனா சிகரெட்டையும் விடணும். மதுரையில ஒரு டாக்டரையும் பாத்துருங்க."

மதுரை மருத்துவர் விதைப்பையில் ரத்த நரம்பு சுருண்டு வீங்கியிருப்பதாகவும், அதனால்தான் அணுக்கள் குறைந்திருக்கும் என்றும் சொன்னார். சின்ன ஆபரேஷன்தான். ஆனால் வீட்டில் அவர் போன் கதையைத்தான் சொன்னார். மாமியாரும் அந்தப் போனை வாய்க்கு வந்தபடி திட்டினார். நான் மறுத்துப் பேசவில்லை. யார் மேலாவது பழி போகட்டும், என்னை விட்டால் போதும் என்றிருந்தது.

ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவருக்குக் கஞ்சி கொண்டுவந்த மாமியார், "போன் வாங்குனது மூணு வருசம் முன்னாடிதான? அதுக்கு முந்தியும் இவளுக்குத் தங்கலையே" என்றார்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "போனு இல்லம்மா. கொறை எங்கிட்டத்தான். டாக்டர் தெளிவாச் சொல்லிட்டாக."

"அப்ப இவள நாங்க சொன்னதெல்லாம்?"

"அம்புட்டும் தப்பு."

மாமியார் கஞ்சியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் அதன்பின் யார் வீட்டு விசேஷத்திலும் என்னை அடுப்படிக்கு அனுப்பவில்லை.

பின்னொரு நாள் அவரே சொன்னார்: "போன் மேல பழியப் போடலேன்னா அந்த லேபு வாசல மிதிச்சிருக்கவே மாட்டேன் புள்ள."

எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அணுக்கள் கொஞ்சம் கூடின. போனை வெளியே வைத்ததாலா, ஆபரேஷனாலா, சிகரெட்டை விட்டதாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கூடியது போதவும் இல்லை. அழுதோம், பிறகு பழகிக்கொண்டோம்.

2010இல் மயிலாடும்பாறையிலிருந்து தக்காளி ஏற்றிவரும் டிரைவர் ஒருவர், ஆறு வருடமாகக் குழந்தை இல்லை, வீட்டில் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். மறுநாளே இவர் அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு அதே லேபுக்குப் போனார். "பொண்ணப் பாக்குறதெல்லாம் பெறகு. மொதல்ல டப்பாவப் பிடி" என்றாராம். டிரைவர் வெளியே வரும்வரை இவர் பாத்ரூம் கதவோரம், யாரும் பக்கத்தில் வராதபடி நின்றிருக்கிறார்.