ஒடுக்கு விழுந்த தட்டு

விளாத்திகுளத்துப் பக்கத்தில் கோபக்காரன் யார் என்று கேட்டால் வன்னியபெருமாள் வீட்டைத்தான் காட்டுவார்கள். குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டு முற்றத்துக்குப் பறக்கும். அதை எடுத்துக் கழுவி மறுபடியும் சோறு போடுவது பெண்டாட்டி வேலுத்தாயின் பாடு. வாக்கப்பட்டு வந்தவள், வேறென்ன செய்வாள்!

எழுபத்து மூன்றாம் வருசம் கோவில்பட்டிக்குப் பருத்தி போடப் போன இடத்தில், கமிஷன் கடைக் கணக்கப்பிள்ளை ஒருவர் அவருக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தார். வருகிற மூச்சு, போகிற மூச்சு, அவ்வளவுதான் வித்தை. மனுசன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விதைப்பு நாளில்கூட விடியற்காலையில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். அவர் மூச்சைக் கவனித்தார். மாட்டையும் களையையும் கூலியாளையும் வேலுத்தாய் கவனித்தாள். ஆனாலும் அவளுக்கு வருத்தமில்லை. தட்டு பறப்பது நின்றுபோயிற்றே! அந்த நிம்மதிக்கு இன்னும் நாலு காடு களையெடுக்கலாம் என்றிருந்தாள்.

வருசக்கணக்கில் இப்படி உட்கார்ந்தவரை ஊர் சும்மா விடுமா? “எங்களுக்கும் சொல்லிக் குடுங்க அண்ணாச்சி” என்று வந்து நின்றது. ஞாயிறுதோறும் ஊர்க்களத்து வேப்பமரத்தடியில் வகுப்பு. வன்னியபெருமாள் வெள்ளைத் துண்டு போர்த்தினார், குரலைத் தணித்தார், இருமலைக்கூட நிதானமாக இருமினார். ஒவ்வொரு வகுப்பிலும் முதலில், தான் சாப்பிடும் எவர்சில்வர் தட்டைத் தூக்கிக் காட்டுவார். கடைசியாக விட்டெறிந்ததில் அதன் விளிம்பில் ஒரு ஒடுக்கு விழுந்திருந்தது.

“இதுக்குப் பெறகு எங்க வீட்டுல தட்டு பறந்ததில்ல. வேலுத்தாயிகிட்டக் கேட்டுப் பாருங்க.”

ஒருத்தரும் போய்க் கேட்டதில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பற்றை விடுவதைப் பற்றிப் பாடம். “என்னுதுன்னு ஒண்ணுமே கெடையாது” என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஆட்டுச் சத்தம் கேட்டது. வாத்தியார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். களத்தை ஒட்டிய அவருடைய பருத்திக்காட்டில் ஒரு மந்தையே நின்றது. கடைசிப் பருத்தி எடுப்பு முடிந்த காட்டில்தான் ஆட்டை விடுவது வழக்கம்; இவர் காட்டில் இன்னும் ஒரு எடுப்பு பாக்கி. ஆடுகள் சங்கரபாண்டியுடையவை. அவனோ முன்வரிசையில் ஞானி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

வசவு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கத்தினால் காடு பிழைக்கும். வாத்தியார் என்ற பெயர் போய்விடும். அவர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா? ஆடுகள் பாட்டுக்கு மேய்ந்தன.

வகுப்பு முடிந்தபோது காடு மொட்டை. “எடுப்பு முடிஞ்சிட்டுன்னு நெனச்சு விட்டுட்டேன் அண்ணாச்சி” என்று சங்கரபாண்டி தலையைச் சொறிந்தான்.

“போகட்டும்லே” என்றார் வன்னியபெருமாள், சிரித்த முகத்தோடு.

“என்ன பொறுமை வே இந்த மனுசனுக்கு!” என்று ஊர் கையெடுத்துக் கும்பிட்டது.

மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. “காட்டுல ஆடு மேஞ்சுதாமே, ஒரு சத்தம் குடுத்திருக்கப்படாதா? நான் ஓடியாந்திருப்பேனே” என்று வேலுத்தாய் கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். தட்டு முற்றத்தில் போய் விழுந்தது. ஊருக்குத்தானே உபதேசம்!

வேலுத்தாய்க்கு இத்தனை வருசம் இந்த மனுசனை நம்பி மாடாய் உழைத்தோமே என்று ஆத்திரமாக வந்தது.

“ஆட்டுக்காரன் முன்னால அடங்குத கோவம், என் முன்னால மட்டும் அடங்க மாட்டேங்குதோ?”

அவர் கையை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலுத்தாய் முதல் தடவையாக வகுப்புக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் அந்தத் தட்டு. இப்போது அதில் இரண்டு ஒடுக்கு. வன்னியபெருமாள் தட்டுக்கதையைத் தொடங்க வாயைத் திறந்தார். அவள் மடியைப் பார்த்தார். “எல்லாரும் கண்ண மூடுங்க” என்று நேரே பாடத்துக்குத் தாவிவிட்டார். எல்லாரும் மூடினார்கள், வேலுத்தாயைத் தவிர.

“நீயும் மூடும்மா” என்றார், சபைக்கான குரலில்.

“நீங்க மூடுங்க. நான் கவனிச்சுக்கிடுதேன்.”