பிரித்துப் பார்த்த இண்டியம்

எக்கெஹார்ட் நெஸ்ட்லர் ஃப்ரைபெர்க் உருக்காலையில் முப்பத்தோரு வருஷம் சூளைக்கு முன்னால் வெந்தவர். ஆலையில் ஆள் குறைத்தபோது ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதை வங்கியில் போட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கிழக்கு ஜெர்மனி என்றொரு நாடே கண்ணெதிரில் காணாமல் போனதைப் பார்த்த மனுஷன். தாளில் எழுதின காசு அவருக்குக் காசே இல்லை.

அரிய உலோகம் வாங்கி வைத்தால் விலை ஏறும் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. ஃபிராங்பர்ட் வியாபாரியின் ஆபீசிலிருந்து ஒரு பெண் போனில் சொன்னாள்: “அஞ்சு உலோகமும் கலந்து வாங்குங்க ஐயா. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கும். எங்க பெட்டகத்துலயே இருக்கட்டும், வரியும் இல்ல.”

“எங்க இருக்குன்னே தெரியாத சாமானுக்கு நான் எதுக்கும்மா காசு குடுக்கணும்?”

ஒரு வாரம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழித்தார். காலியம் உள்ளங்கைச் சூட்டுக்கே உருகி ஓடிவிடும், கோடையில் அதற்குக் காவல் இருக்க முடியாது. ரேனியம் விமான எஞ்சினுக்குப் போகிறது, விமானக் கம்பெனி படுத்தால் அதுவும் படுக்கும். ஹாஃப்னியத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. மிச்சம் இண்டியமும் ஜெர்மானியமும். இரண்டையும் உலகத்தில் முதலில் கண்டுபிடித்தது இதே ஃப்ரைபெர்க்கில்தான். அதற்கப்புறம் யோசனை என்ன வேண்டிக் கிடக்கிறது?

“உலோகத்துலயும் உள்ளூர்க்காரனாப் பாத்து எடுக்கிறியே, இதென்ன கால்பந்து டீமா?” என்றாள் மனைவி கெர்லிண்ட.

இருபது கிலோ இண்டியம், எட்டு கிலோ ஜெர்மானியம். நூற்றுக்குப் பத்தொன்பது வரியையும் கட்டி வீட்டுக்கே வரவழைத்தார். காற்றை உறிஞ்சி ஒட்டின உறையில், தூய்மைச் சான்றிதழோடு வந்தது. வேறு எவனாக இருந்தாலும் அப்படியே நிலவறையில் வைத்துப் பூட்டியிருப்பான். இவர் உருக்காலைக்காரர். அங்கே இண்டியக் கம்பியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து வளைத்துப் பார்ப்பார்கள். நல்ல சரக்கு கிறீச்சென்று கத்தும். கத்தாத சரக்கை யாரும் நம்ப மாட்டார்கள். முதல் வாரத்திலேயே எல்லா உறைகளையும் கத்தியால் கீறி, கம்பி கம்பியாக வளைத்துக் கேட்டார். அத்தனையும் கத்தியது. ஜெர்மானியம் வளையாது, உடையும். இருந்தாலும் பார்க்காமல் விடுவதா என்று அதையும் பிரித்துவிட்டார்.

ஏழு வருஷம் கழித்துத்தான் அது அவர் தலையில் விடிந்தது.

இருபத்தாறு வருஷமாகக் குடியிருந்த வீட்டை விற்கப் போவதாக வீட்டுக்காரர் ஊலிக் வந்து சொன்னார். “டிரெஸ்டன்ல ஒரு பல் டாக்டர் கேக்கிறான். ஆனா மொதல்ல உங்களத்தான் கேக்கிறேன். ஆறு வாரத்துல இருபத்தஞ்சாயிரம் யூரோ கையில வச்சீங்கன்னா மிச்சத்துக்கு வங்கி கடன் தரும். இல்லன்னா பல் டாக்டர்தான்.”

எக்கெஹார்ட் அன்றைக்கே ஃபிராங்பர்ட்டுக்குப் போன் போட்டார். அதே பெண்தான் எடுத்தாள்.

“உறை பிரிக்காம இருக்குல்ல, ஐயா?”

“பிரிச்சேன்.”

“எத்தனைய?”

“எல்லாத்தையும்.”

“பிரிச்ச சரக்க நாங்க தொட மாட்டோம் ஐயா. அதுல என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்!” என்று கத்தினார். அவர் காது கேட்டதற்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்?

அடுத்த மூன்று வாரத்தில் பதினோரு வியாபாரிகளைக் கேட்டார். பதினோரு பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். கெர்லிண்ட வீடு காலி பண்ண அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பித்திருந்தாள். “பிடிவாதத்த விடுய்யா. கெம்னிட்ஸ்ல வாடகைக்குப் பாப்போம்.”

“இன்னும் மூணு வாரம் இருக்கு. அட்டைய கீழ வை.”

இருபத்தெட்டு கிலோவையும் இரண்டு பயணப்பெட்டியில் அடைத்து ரயில் ஏறினார். லைப்சிக் பக்கம் பழைய உலோகத்தைச் சுத்தம் செய்து விற்கிற சின்ன ஆலை ஒன்று இருந்தது. அங்கே வேதியியல் பார்க்கிறவள் இல்கா டாய்ப்னர், நாற்பது வயசு. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“இதென்ன, எல்லாம் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கு?”

“சோதிச்சேன்.”

“உருக்காலையா?”

“முப்பத்தோரு வருஷம்.”

“அதானே பாத்தேன்.” ஜெர்மானியத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு ஊசியை அழுத்தி மீட்டரில் மின்தடை பார்த்தாள். “இதுக்கு உறையே தேவையில்ல. தூய்மை எவ்வளவுன்னு இந்த முள்ளே சொல்லிடும். முழு விலை தரேன். நீங்க வாங்கின விலைக்கு ரெண்டு மடங்குக்கு மேல வரும். ஆனா இண்டியம் அப்படியில்ல. உருக்கி மறுபடி சுத்தம் பண்ணாம ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. பாதி விலைதான்.”

மனசுக்குள் கணக்குப் போட்டார். ஜெர்மானியத்துக்கு இருபத்திரண்டாயிரம் வரும். இண்டியத்தின் பாதி விலையைச் சேர்த்தாலும் நானூறு யூரோ உதைத்தது. இண்டியம் ஏழு வருஷத்தில் விலையிலும் பெரிசாக நகரவில்லை, இப்போது காலையும் வாருகிறது.

“ஒரு நானூறு ஏத்திக் குடும்மா.”

“முடியாதுங்க. உருக்கிற கூலியே அவ்வளவு ஆகும்.”

“உங்க சூளைக்கு ஆள் இருக்கா?”

“ஒருத்தர் லீவு. ஏன்?”

“கூலிய எனக்கே குடு. நானே உருக்கித் தரேன்.”

அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். “அறுபது வயசு இருக்குமா உங்களுக்கு?”

“அம்பத்தொம்பது. கையுறை எங்க இருக்கு?”

நாலு நாள் ஆலைக்குப் பக்கத்து விடுதியில் தங்கி, லீவில் போனவனின் இடத்தில் நின்றார். முதுகு பிளந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் இல்கா முழுத் தொகையும் வங்கிக்குப் போய்விட்டது என்று ரசீதைக் கொடுத்தாள். காலிப் பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தார்.

பதிவு அதிகாரி பத்திரத்தை வரிவிடாமல் வாசித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் உட்கார முடியாமல் எக்கெஹார்ட் நின்றுகொண்டேயிருந்தார். கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும் கெர்லிண்ட கேட்டாள்: “முதுகுக்கு என்னய்யா?”

“ஒண்ணுமில்ல. சாவியக் குடு, நம்ம வீட்ட இன்னைக்கு நான்தான் திறப்பேன்.”