இறக்கத்தில் நின்ற லாரி

காய்ந்த தொண்டை எச்சில் விழுங்குவதுபோல் 'டக்' என்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. அறுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, எங்கள் டீசல் லாரியின் என்ஜினைக் கிளப்பிவிடும் 'செல்ப்' மோட்டார் இரண்டு மாதம் இப்படித்தான் இழுத்துக்கொண்டு கிடந்தது. லாரியை ஓட்டியவர் அப்பா. மாற்றி ஓட்டியவர் அம்மாவின் தம்பி, என் மாமா. இருவரையும்விட எனக்குத்தான் லாரியைப் பற்றி அதிகம் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

முன்விளக்கைப் போட்டுவிட்டு அப்பா செல்ப்பை அழுத்திப் பார்த்தார். வெளிச்சம் மங்கினால் பேட்டரி. மங்காமல் 'டக்' மட்டும் கேட்டால் கோளாறு மோட்டாருக்குள். மங்கவில்லை. மோட்டாரின் முதுகில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் அன்றைக்கு ஓடும். பிறகு அதுவும் பலிக்காமல், எங்கே போனாலும் இறக்கமாகப் பார்த்து நிறுத்தி, உருட்டிக் கிளப்புகிற பழக்கம் வந்தது. கைபிரேக் பிடிக்காது, ஆகவே முதல் கியரில் போட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு கல். "அந்தக் கல்லு ஒரு நாளைக்கு வேலையக் காட்டப் போவுதுங்க" என்பாள் அம்மா. நாங்கள் சிரிப்போம்.

ஒருவழியாகச் சேலத்திலிருந்து வேறு மோட்டார் வந்தது. வெண்ணந்தூருக்கு வெளியே இறக்கத்தில் நின்ற வண்டியின் அடியில் அப்பா மல்லாந்து படுத்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். மாமா எதிர் டீக்கடைக்குப் போயிருந்தார். நான் ஓட்டுநர் இருக்கையில், கால் தரைக்கு எட்டாமல், ராணி மாதிரி. வெயில் ஏற ஏறச் சக்கரத்தடியில் கல் 'நறநற'வென்று மண்ணை அரைத்தது. காதில் விழுந்தது, ராணிகள் அதையெல்லாம் கவனிப்பதில்லை.

பேட்டரி ஒயரை மாட்டிவிட்டு, மோட்டாரின் பல் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்க அப்பா மறுபடி அடியில் புகுந்தார்.

"சாமி, நியூட்ரல்ல இருக்குதான்னு பாத்தியா?"

கியர்க் கம்பியைத் தொட்டேன். ஆடியது. அந்த லாரியில் ஆடாத பாகமே கிடையாது என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

"பாத்தேனுங்கப்பா!"

"அப்ப அமுத்து."

அழுத்தினேன். லாரி எருமை எழுவதுபோல் எழுந்து கல்லின்மேல் ஏறி இறங்கியது. என்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டி நகர்ந்தது, அடியில் அப்பா இருக்க. லாரியைப் பற்றி எல்லாம் தெரிந்த நான் செய்ததெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டதுதான். மாமா ஓடிவந்து படியில் தொற்றி, என்மேலேயே விழுந்து பிரேக்கை மிதித்து என்ஜினை அணைத்தார்.

"மச்சான்!"

மாமா தலையை வெளியே நீட்டி மறுபடி கத்தினார்.

"மச்சான்!"

"செல்ப்பு நல்லாத்தான் புடிக்குது" என்றது அப்பாவின் குரல், பின்சக்கரத்துக்கு அருகிலிருந்து. சக்கரம் அவர் வேட்டியின் ஓரத்தின்மேல் நின்றிருந்தது. காலுக்கு ஒரு சாண் தூரம்.

மாமா இறங்கி அவரை வெளியே இழுத்துவிட்டார். "கியர்ல கெடக்குதுன்னு தெரியாதுங்களா மச்சான்?"

"நாந்தான் பாக்காம அமுத்தச் சொல்லிப்போட்டேன்" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம் எத்தனையோ வருடம், எந்த விசேஷமானாலும் பந்தியில் மாமா ஆரம்பித்துவிடுவார்: "நியூட்ரல் பாக்கத் தெரியாத டிரைவருங்க இவரு!" அப்பா இலையைப் பார்த்தபடி சிரித்துக்கொள்வார். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் நான்.

இப்போது அந்த இறக்கத்தைச் சமன்செய்து அகலமான சாலை போட்டுவிட்டார்கள். லாரியை உருட்டிக் கிளப்புவார்கள் என்றால் என் பேரன் நம்புவதில்லை. அப்பா போய்ப் பல வருடமாயிற்று. போன தையில் மாமாவும் போய்விட்டார். அன்றைக்கு நியூட்ரலைச் சரியாகப் பார்க்காதவள் நான்தான் என்று சொல்லிவிடும் துணிச்சல் ஒருவழியாக வந்திருக்கிறது. பந்தியில் என்னைக் கேலி செய்யத்தான் ஆளில்லை.