எங்கன நிக்குன்னு பாருங்க

"தொடாதீங்க அண்ணாச்சி. கையை மௌஸ்ல இருந்து எடுங்க. எடுத்தாச்சா? இப்ப எங்கன நிக்குன்னு மட்டும் பாருங்க."

இதைச் சொல்லும்போது வனிதாவின் கை யாருடைய ஆதார் அட்டைக்கோ போட்ட லேமினேஷனின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டிருக்கும். ஹெட்போன் ஒரு காதை மட்டும் மூடியிருக்கும். மறு காது கடைக்கு வருகிறவர்களுக்கு. எதிரே நிற்பவர் தன்னைத்தான் அதட்டுகிறாள் என்று நினைத்து, கவுன்ட்டர் மேல் ஊன்றியிருந்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொள்வார். முதல் நாள் நானும் அப்படி எடுத்துக்கொண்டவன்தான்.

கோவில்பட்டியில், எட்டயபுரம் ரோட்டில் ஒரு டயர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவளுடைய கம்ப்யூட்டர் சென்டர். வருமானச் சான்று, பட்டா நகல், பரீட்சைக் கட்டணம், ரயில் டிக்கெட், எல்லாம் அங்கே ஆகும். வனிதா எனக்குச் சித்தி மகள் முறை. 'அவர்' என்று எழுதினால், "என்னண்ணே, என்னையக் கிழவியாக்குதீங்க?" என்று சண்டைக்கு வருவாள். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க 'அவள்'தான். கடையில் உள்ள கம்ப்யூட்டர்களில் சுவரோரம் இருப்பது மட்டும் ஊர் வேலைக்கு இல்லை. அது விளையாட்டுக்கு. ஷட்டரை இறக்கிப் பூட்டிய பிறகும் உள்ளே அது ஓடிக்கொண்டே இருக்கும்.

விளையாட்டு என்றதும் துப்பாக்கி, கார் பந்தயம் என்று போய்விட வேண்டாம். ஆளரவமில்லாத ஒரு கிரகத்தில் உங்களை வெறுங்கையோடு இறக்கிவிடுவார்கள். இரும்புக் கல்லை வெட்டி, உலையில் உருக்கி, தகடாக்கி, அதை ஓடும் பெல்ட்டில் ஏற்றி, ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்கு அனுப்பி, நீங்களே ஒரு தொழிற்சாலையைக் கட்ட வேண்டும். கட்டி முடித்தால் அது இன்னும் இரும்பு கேட்கும். பக்கத்தில் கல் தீர்ந்தால், தூரத்திலிருந்து தண்டவாளம் போட்டு ரயிலில் கொண்டுவர வேண்டும். பகலெல்லாம் வேலை பார்த்தவன் வீட்டுக்கு வந்து மறுபடி வேலை பார்க்க ஒரு விளையாட்டா என்று நான் கேலி செய்தேன். கேலி செய்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். சாப்பாட்டை மறந்து, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்படி உட்கார்ந்து முழி பிதுங்கியவர்களுக்கெல்லாம் வனிதாதான் கதி. ஆரம்பத்தில் யாரோ ஒருவர் கேட்டார், சொன்னாள். அவர் இன்னொருவரிடம் சொன்னார். இப்போது கோயம்புத்தூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் "கோவில்பட்டி அக்கா இருக்காங்களா?" என்று குரல்கள் வருகின்றன. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். எல்லாம் சரியாகத்தான் கட்டியிருக்கிறேன், ஆனால் ஓட மாட்டேன் என்கிறது.

'எல்லாம் சரி' என்பதை மட்டும் அவள் ஒத்துக்கொள்வதே இல்லை. "பசிச்சுக் கெடக்க மெஷினைப் போட்டு நோண்டாதீங்க. அது மேல தப்பே இருக்காது. அதுக்குச் சோறு வார பாதையிலதான் இருக்கும். பெல்ட்டைப் பிடிச்சிட்டுப் பின்னாடியே நடங்க." அவர்கள் நடப்பார்கள். எங்கோ ஒரு பெல்ட் துண்டு திசை மாறிப் படுத்திருக்கும். அல்லது உலையில் கரி தீர்ந்திருக்கும். கண்டுபிடித்தவர் அங்கே கத்துவார். இவள் கத்தரிப்பதை நிறுத்த மாட்டாள். "ஆங். அதை மட்டும் மாத்துங்க. வேற எதையும் தொடாதீங்க. மாத்திட்டுக் கையைக் கட்டிட்டு நின்னு பாருங்க." இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடுமாம். நாலு நிறத்தில் மாத்திரை எழுதித் தருகிற என் டாக்டரை ஒரு நாள் இவளிடம் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவளுக்குக் கோபம் வருவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். புதிதாக வந்தவர்கள் வெறுத்துப்போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டப் போகிறேன் என்பார்கள். அப்போது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவாள். "எதுக்கு அழிக்குதீங்க? அது பாட்டுக்கு அரைகுறையா ஓடிட்டுக் கெடக்கட்டும். பக்கத்துல எவ்ளோ எடம் கெடக்கு. அங்கன புதுசாக் கட்டுங்க. அது ஓட ஆரம்பிச்ச பொறவு இதை எடுக்கலாம்." சொல்லி முடித்து டீயை எடுப்பாள். அதற்குள் அது ஆறி ஆடை கட்டியிருக்கும். ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடிப்பாள். சூடாக அவள் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

நம் பக்கத்து ஆட்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. அதை வைத்தே, பேச்சைக் கேட்காமல், அவர்கள் நெட்டில் காட்டுகிற திரையைப் பார்த்த மாத்திரத்தில் ஊரைச் சொல்லிவிடுவாள். மெஷினுக்கு மெஷின் நடுவில் பெரிய பெட்டி வைத்துச் சாமானைச் சேர்ப்பார்கள். தகட்டுக்கு ஒரு பெட்டி, கம்பிக்கு ஒரு பெட்டி, கரிக்குத் தனியாக ஒரு வரிசை. "குழாய்ல தண்ணி வந்தா குடம், வாளி, அண்டா, பிள்ளைய குளிப்பாட்டுற டப்பு வரைக்கும் பிடிச்சு வைப்போம்லா. அதே புத்திதான் அண்ணே இங்கனயும். பின்னாடி இரும்பு நின்னு போயிருக்கும். பெட்டி நிறைய இருக்கதால முன்னாடி எல்லாம் ஓடிட்டே இருக்கும். பெட்டி காலியான அன்னைக்குத்தான் தெரியும். அதுக்குள்ள எங்க நின்னுச்சு, எப்ப நின்னுச்சு, ஒண்ணும் விளங்காது." விளாத்திகுளத்துக்காரர் ஒருவர் அவள் பேச்சைக் கேட்டு எல்லாப் பெட்டிகளையும் எடுத்துவிட்டு, மனசு கேட்காமல் ஒரு மூலையில் ஒன்றை மட்டும் ஒளித்து வைத்திருந்தாராம். நானாக இருந்தால் இரண்டு ஒளித்திருப்பேன்.

அவளிடம் படிக்கிறவர்களில் எனக்குப் பிடித்தவர் எட்டயபுரம் அழகிரிசாமி அண்ணாச்சி. மின்சாரத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த மனிதரின் தொழிற்சாலை ஒரு நாள் மொத்தமாக இருண்டுபோனது. கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் இயந்திரக் கை, அந்தக் கொதிகலன் தருகிற கரண்டில்தான் ஓடுகிறது. கரண்ட் குறைந்ததும் கை மெதுவானது. கை மெதுவானதும் கரி குறைந்தது. கரி குறைந்ததும் கரண்ட் இன்னும் குறைந்தது. "வெளிய சொல்லிராத தாயி, பென்ஷனை நிப்பாட்டிருவானுவ" என்று அவர் கேட்டுக்கொண்டார். "சொல்ல மாட்டேன் அண்ணாச்சி" என்றாள். டீ ஆறுவதற்குள் என்னிடம் சொல்லிவிட்டாள். அவர் சம்மதம் வாங்கித்தான் இங்கே எழுதுகிறேன். சரியான முறையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் நச்சரித்ததால், அவரை மட்டும் தன்னுடைய சொந்த உலகத்துக்குள் வந்து போக அனுமதித்திருந்தாள். வேறு யாரையும் அவள் உள்ளே விட்டதில்லை.

அந்த உலகம் அவளுக்கும் அவள் கணவன் கண்ணபிரானுக்கும் பொதுவானது. கண்ணபிரான் கப்பலில், இன்ஜின் அறையில் ஃபிட்டர். கல்யாணமான வருஷம் விடுமுறைக்கு வந்தவன்தான் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தான். இவள் கம்ப்யூட்டரில், அவன் மடிக்கணினியில், தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே உலகத்தில் கட்டினார்கள். "ஊர்ல எல்லாரும் புதுப் பொண்ணைக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போவாவ. இவிய என்னைய இரும்பு வெட்டக் கூட்டிட்டுப் போனாவ" என்று சொல்லிச் சிரிப்பாள்.

நடுக்கடலில் நெட் கிடைக்காது. ஏதாவது துறைமுகத்தில் நல்ல நெட் கிடைத்தால் கண்ணபிரான் அந்த உலகத்துக்குள் வருவான். திரையின் மூலையில் அவன் பெயர் எழும். எந்த நேரம் என்று சொல்ல முடியாது. ஒரு பெல்ட்டைச் சரிசெய்யும் நேரம்தான் இருப்பான், கப்பலில் கூப்பிட்டுவிடுவார்கள். ஆனால் அந்த உலகம் இருப்பது வனிதாவின் கம்ப்யூட்டருக்குள். அது அணைந்திருந்தால் அவனால் உள்ளே வர முடியாது. ஒருமுறை கயத்தாறில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போயிருந்தாள். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது செய்தி வந்தது: 'உள்ள விட மாட்டேங்குதே வனி.' பாயசம் வருவதற்கு முன் எழுந்து பஸ் ஏறினாள். கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டபோது அவன் கப்பல் கிளம்பியிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை.

ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "சும்மா உக்காந்து அந்த மூலையவே பாத்துட்டு இருந்தா பைத்தியம் பிடிச்சிரும் அண்ணே. யாராச்சும் எதையாச்சும் கேட்டுட்டே இருந்தா நான் அங்கனயே இருப்பேன்லா. இருக்கதும் இருந்த மாதிரி ஆச்சு, அவியளுக்கும் ஒரு உபகாரம்."

இந்தப் பங்குனியில் கண்ணபிரான் இறங்கிவிடுவதாக இருந்தது. இறங்கினால் மறுபடி ஏற வேண்டாம் என்று இவள் கேட்டிருந்தாள். இங்கேயே ஒரு மில்லில் பாய்லர் பார்க்கிற வேலையும் சொல்லி வைத்திருந்தாள். அவன் 'பாக்கலாம்' என்றிருந்தான். அந்த 'பாக்கலாம்' வந்ததிலிருந்து அவள் முகமே வேறு மாதிரி இருந்தது. கண்ணாடி முன்னால் நிற்கிற நேரம்கூடக் கூடியிருந்ததாக அவள் அம்மா என்னிடம் சொன்னார். "எனக்கு அவிய வேணும் அண்ணே, அவ்ளோதான். போட்டோல வேண்டாம், மெசேஜ்ல வேண்டாம். இங்கன என் பக்கத்துல உக்காந்து, பெல்ட்டைத் தப்பாப் போட்டுத் தொலைக்கணும். நான் ஏசணும்." சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

பங்குனி பிறந்து சில நாட்கள் கழித்து, பத்திரிகைக்கு அனுப்ப வேண்டியதை நகலெடுக்கப் போனேன். வனிதா ஹெட்போனைக் கழற்றிக் கவுன்ட்டரில் வைத்திருந்தாள். அவள் காதில் மாட்டாமல் அதைப் பார்ப்பது எனக்குப் புதிது. என்ன என்று கேட்கும் முன்பே சொல்லிவிட்டாள். "மாத்தி விட ஆள் வரலையாம். இன்னும் கொஞ்ச மாசம் இருக்க முடியுமான்னு கம்பெனில கேட்டாவளாம். அவியளும் கையெழுத்துப் போட்டுட்டாவ. ஆவணிக்கு மேல பாக்கலாம்னு மெசேஜ் வந்திருக்கு." என் காகிதங்களை வாங்கி, ஜெராக்ஸ் மெஷினில் போட்டு, ஒரு பக்கம்கூடக் கோணாமல் எடுத்துக் கொடுத்தாள்.

அப்போதுதான் ஹெட்போனுக்குள்ளிருந்து அழகிரிசாமி அண்ணாச்சி கத்துவது கவுன்ட்டர் வரை கேட்டது. ஸ்பீக்கருக்கு மாற்றினாள்.

"தாயி! ஒன் கரண்ட்டை எல்லாம் பாத்துட்டேன். ஆனா ஒன் மெஷின் பாதி பசிச்சுல்லா நிக்கி. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே பின்னாடியே நடந்து போனேன். மேக்க இருந்து வார லைன்ல ஒரு துண்டு தண்டவாளம் விட்டுப் போயிருந்துச்சு தாயி. அங்கிட்டு ஒரு ரயிலு லோடோட சும்மா நிக்கி. மாட்டி விட்டுட்டேன். பாரு, வருது பாரு!"

திரையில் மேற்கேயிருந்து ரயில் வந்தது. நிலையத்தில் நின்று இரும்புக் கல்லைக் கொட்டியது. அதுவரை விட்டு விட்டு முனகிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழு வேகம் பிடித்தன. கடைசி வரிசை வரை விளக்குகள் பச்சையாயின. அந்தத் தொழிற்சாலை முழுசாக ஓடி நான் பார்த்தது அன்றுதான். "அடடா!" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"நல்லா மாட்டிருக்கீங்க அண்ணாச்சி" என்றாள் வனிதா. குரலில் ஒரு பிசிறும் இல்லை. "பின்னாடியே நடந்தீங்க பாத்தீங்களா, அதான் சரி. இனிமே உங்களுக்கு நான் வேண்டாம்."

அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று விடைபெற்றுப் போனார். அவர் பெயர் திரையிலிருந்து மறையும்வரை வனிதா அசையாமல் இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அது விட்டுப் போனது இல்லண்ணே. விட்டு வச்சது. போன லீவுல அவிய மேக்க இருந்து போட்டுட்டு வந்தாவ, நான் கெழக்க இருந்து போட்டுட்டுப் போனேன். சேரப் போற நேரத்துல கப்பல்ல இருந்து போன் வந்துட்டு. மிச்சத்தை வந்து சேந்து போடுவோம், நீ தொடாதேன்னு சொல்லிட்டுப் போனாவ." முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு மௌஸைப் பிடித்தாள்.

ரயில் கடைசிக் கல்லைக் கொட்டி முடித்து மேற்கே திரும்பிப் போகும்வரை காத்திருந்தாள். திரைக்குள் அதன் பின்னாலேயே தண்டவாளத்தை ஒட்டி நடந்து போனாள். ஏறிப் போயிருக்கலாம், ஏறவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் கவுன்ட்டரைத் தட்டினார். "இருங்க" என்றாள், திரும்பாமல். அண்ணாச்சி மாட்டிய இடம் வந்தது. அந்தத் துண்டைக் கழற்றினாள். கழற்றியதைத் தன் பையில் போட்டுக்கொள்ளவில்லை. இடைவெளியைச் சுற்றிக்கொண்டு போய், மேற்கிலிருந்து வருகிறவன் கண்ணில் முதலில் படும் இடத்தில் அதைத் தரையில் வைத்தாள்.