பச்சை ஆப்பிளும் ஒரு புரதமும்

எழுதப் படிக்கத் தெரியாதவன் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். நான் மூன்று ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

அக்காவுக்குக் குடலில் புற்று. அலோர் ஸ்டார் பெரியாஸ்பத்திரியில் அறுவைக்கு நாள் கிடைத்திருந்தது. கத்தி பட்டதும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் சில தாறுமாறாக ஏறும், காவலுக்கு நிற்கும் அணுக்கள் சில நாள் சோர்ந்துபோகும் என்று படித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கரங்கானில் அக்கா வீட்டு வேலியோரம் பெலாலாய் காஜா என்ற மூலிகைச் செடி செழித்திருந்தது. புற்று என்று கேள்விப்பட்டதும் நம் ஆட்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுக்கும் அதே இலை. எதிர்ப்புச் சக்தி முன்கூட்டியே ஏறட்டும் என்று பச்சை ஆப்பிளோடு அரைத்துக் கொடுத்தேன், பத்து நாள், காலையில் ஒரு கிளாஸ். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

அறுவைக்கு முதல் நாள் வார்டில், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரின் நெற்றி சுருங்கியது. அழற்சியைக் காட்டும் புரதம் கூடியிருக்கிறதாம். தொற்று ஏதும் இருந்தால் நாளை வெட்ட முடியாது, அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை என்றார். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று மலாயில் கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பாமலே, "தாக் அடா, டாக்டர்" என்றாள்.

என்னைக் காப்பாற்றத்தான் 'ஒன்றும் சாப்பிடவில்லை' என்று பொய் சொல்கிறாள். டாக்டர் வார்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் கால் நகர்ந்தது. பின்னால் ஓடி எல்லாவற்றையும் சொன்னேன்: இலை, ஆப்பிள், பத்து நாள், மூன்று கட்டுரைகள். கட்டுரைகளைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் திட்டவில்லை. கல்லீரலையும் பார்க்க வேண்டும் என்று மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"சொல்லிட்டியா?" என்றாள் அக்கா.

"சொல்லிட்டேன்கா."

"நாளு தள்ளிப் போச்சுன்னா இது உள்ள வளந்துகிட்டே இருக்கும்லா, தம்பி."



நாலரை மணிக்கு முடிவு வந்தது. கல்லீரல் பரவாயில்லை, தொற்றும் தென்படவில்லை. புரதத்தை ஏற்றியது கட்டியாகவே இருக்கலாம், நாளை எடுத்துவிடுவோம் என்றார் டாக்டர். என் சாற்றைப் பற்றி அவர் பேச்சில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அந்தப் புரதம் முன்னைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. பயப்படாதே, காயத்துக்கு உடம்பு சொல்லும் பதில் அது, இனி இறங்கும் என்று கட்டிலருகே நின்று விரிவாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "தம்பி, காத்து பிரிஞ்சாத்தான் கஞ்சி குடுப்பாங்களாம். நீ பக்கத்துல நின்னு பேசுனா வர மாட்டேங்குது. கொஞ்ச நேரம் வெளிய போய் நில்லுலா."