கூரைக்காகக் கொடுத்த அட்டை

எங்கள் சபையில் புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தாம்பாளம் வரும். அதில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வந்த வசனம்தான் அந்த வருடம் முழுக்க நமக்கு. வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்வோம். பாதிப் பேர் அரைக்கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எடுப்பார்கள். நான் முழுக் கண்ணையும் திறந்தே எடுப்பேன். ஒரு பயனும் இருந்ததில்லை, அட்டைகள்தான் கவிழ்ந்து கிடக்கின்றனவே.

அந்த வருடம் எனக்கு ஒரே ஓர் ஆசை. பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு மேனேஜர் பதவி காலியாகியிருந்தது. பதவிக்கு அலைந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். மேனேஜர்களுக்குக் கூரை போட்ட பார்க்கிங் உண்டு. மற்றவர்கள் வெளியே மரத்தடியில் நிறுத்த வேண்டும். அந்த மரத்துக் காக்கைகளுக்கு என் கார்மேல் அப்படி என்ன கோபமோ, பக்கத்துக் கார்களெல்லாம் பளபளவென்று நிற்கும், என்னுடையதை மட்டும் தேடிப்பிடித்து நாசம் செய்யும். பதினோரு வருடமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரிடம் நான் கேட்டதெல்லாம் ஒரு தகரக் கூரை.

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கடவுள் கூடவே இருப்பார், பயப்பட வேண்டாம் என்கிற மாதிரி ஒரு வசனம். ஓரத்தில் இரண்டு வாத்துகள். எனக்கு எரிச்சல் வந்தது. கூட இருப்பார், சரி. எங்கே இருப்பார்? மரத்தடியிலா?

முன் வரிசையில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் தவறிவிட்டார், பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். உயரத்தில் கொண்டுபோய் வைப்பேன் என்று கடவுள் சொல்லும் வசனம், பக்கத்தில் சிறகை விரித்த கழுகு! ஓய்வு பெற்றவருக்கு எதற்கு உயரம்? வயிறு எரிந்தது.

"அக்கா, நாம மாத்திக்குவமா?"

என் அட்டையை வாங்கிப் படித்தார். திரும்பவும் படித்தார். "நெசமாவா தம்பி? இதப் போயி யாராச்சும் குடுப்பாங்களா?"

"உங்களுக்காகக் குடுக்கிறேங்க்கா" என்றேன். வருடத்தின் முதல் பொய். மணி பத்தரைகூட ஆகவில்லை.

என் மனைவி பார்த்துவிட்டாள். அவள் ஞாயிறு பள்ளி ஆசிரியை. பசி தாங்காமல் ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்குத் தலைமகன் உரிமையையே தம்பியிடம் விற்றவனின் கதையை வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள். காரில் ஏறியதும், "கிளம்பலாமா கூழ்காரரே?" என்றாள். அன்று மதியம் பிரியாணிக்குப் பதிலாகப் பருப்பு. மறுநாளும் பருப்பு. "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தவா? நல்ல யாவாரம்லா இது!" என்று வாரம் முழுக்கக் கரண்டியும் கையுமாக நின்றாள்.

ஆனால் பிப்ரவரியில் பதவி கிடைத்தது. கூரையும் கிடைத்தது. கூரைக்கடியில் காரை நிறுத்தி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். ஒரு கிண்ணம் பருப்புப் படம் பதிலாக வந்தது.

அடுத்த வாரம்தான் அண்ணாந்து பார்த்தேன். கூரையின் உத்தரங்களில் புறாக்கள், குடும்பம் குடும்பமாக. காக்கையாவது வந்து போகும், இவை அங்கேயே குடியிருந்தன. பழைய சிடிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். புறாக்கள் அதில் முகம் பார்த்துக்கொண்டன.

மார்ச்சில் அந்த அக்காவுக்கு இருதய அறுவை சிகிச்சை என்று சபையில் அறிவித்தார்கள். மனைவிக்குக் காய்ச்சல். சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை, பத்து நிமிடம் தலைகாட்டிவிட்டு வரலாம் என்று நான் மட்டும் போனேன். ஆஸ்பத்திரியில் பார்க்கிங் இல்லை. வெளியே ஒரு பெரிய மரத்தடிதான் கிடைத்தது. மேலே காக்கைகள் கூட்டம் போட்டிருந்தன.

அக்காவின் கட்டில் கம்பியில், பிளாஸ்திரி போட்டு ஒட்டியபடி என் இரண்டு வாத்துகள்.

"நர்ஸம்மா, நான் சொன்னேன்ல, அந்தத் தம்பி இவருதான். தனக்கு வந்தத எனக்குக் குடுத்திட்டாரு" என்றார் அக்கா. பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "டிசம்பர்லயே டாக்டர் ஆபரேஷன்னு சொல்லிட்டாரு தம்பி. பிள்ளைங்ககிட்ட ரொம்ப நாளு சொல்லல. தனியா போகப் பயமா இருக்கு, ஒரு வார்த்த குடுங்கன்னு கேட்டுத்தான் எடுத்தேன். கழுகு வந்துச்சு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. உண்மையிலேயே வெட்கம், காது சூடாகும் அளவுக்கு.

"அக்கா, நான் உங்களுக்காகக் குடுக்கல. பார்க்கிங்குக்காகக் குடுத்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். காக்கை, கூரை, பருப்பு, புறா. புறாக்கள் முகம் பார்த்த இடத்தில் அக்காவுக்குச் சிரிப்பு வெடித்தது. கட்டிலே ஆடியது. தலைமாட்டு மெஷின் கீங்கீங் என்று கத்த, நர்ஸ் ஓடிவந்து என்னை முறைத்தார். அக்கா தேறி வந்த பிறகும், இன்றுவரை, சபையில் என்னைப் பார்த்தால் "புறா நல்லா இருக்கா?" என்றுதான் கேட்கிறார்.

அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடடா, அலாமாக்! அப்ப இதத் திருப்பித் தந்திரவா தம்பி?" என்றார்.

அந்த நிமிடம் எனக்கு அந்த அட்டை வேண்டும் போலிருந்தது. மேனேஜர் ஆனதிலிருந்து ஒரு நாளும் நான் பயப்படாமல் வேலைக்குப் போனதில்லை. அதை மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"வேணாங்க்கா. நாளைக்கு உங்களுக்குத்தான் வேணும்."

"அப்ப சித்த உக்காருங்க. ரெண்டு பேரும் பாத்துக்குவோம்."

உட்கார்ந்தேன். வாத்துகளைப் பார்த்தோம். பத்து நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. அக்காவுக்குத் திடீரென்று நினைவு வந்தது.

"காடிய எங்க நிறுத்துனீங்க?"

"வெளிய, மரத்தடியில."

"ஐயோ, காக்கா இருக்குமே! போங்க தம்பி, போயி எடுங்க."

"இருக்கட்டும்க்கா" என்று நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.