கர்வ் பண்ணிய தேதி

பணி ஓய்வுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, போட்டோவின் மேல் கோடு இழுத்து முகம் வரைவது. கணினியில் போட்டோவை மங்கலாக அடியில் வைத்து, காது, மூக்கு, தாடை என்று ஓரமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். புள்ளிகளுக்கு நடுவே கோட்டை மென்பொருளே வளைத்துத் தரும். புள்ளியைக் குறைத்தால் கோடு வழவழப்பாகும். சுருக்கம் போகும், கூடவே ஆளும் போய்விடுவார். இப்படி வரைந்த முகத்தைத் தென்னைமர உயரத்துக்குப் பெரிதாக்கினாலும் உடையாது. எங்கள் பக்கத்தில் அஞ்சலி பேனர்கள் ஏறக்குறைய அந்த உயரம்தான். ஆகவே உறவில் யார் போனாலும் போட்டோ என் வாட்ஸப்புக்கு வந்துவிடும்.

"உயிரோட இருக்கிறவங்க யாரும் உங்ககிட்ட படம் கேக்கமாட்டாங்களா?" என்றாள் மனைவி.

ஒருவன் கேட்டான். தாலுகா ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரன், திருவையாற்றில் வீடு. இதயத்தில் அடைப்பு, தஞ்சாவூரில் ஆபரேஷன் என்று முடிவாகி, தேதி மட்டும் குறிக்காமல் இருந்தது.

"எங்கண்ணனுக்கு ஆதார் போட்டோவப் பெருசாக்கி வச்சானுங்க, பாத்தியா? திருவிழாவுல காணாமப் போனவன் மாதிரி இருந்தாரு. எனக்கு நீ இப்பவே வரைஞ்சு வச்சிடுய்யா."

"ஆபரேஷன் முடிஞ்சு பொழச்சிட்டா?"

"கீழ எழுத்த வெட்டிட்டு வீட்ல மாட்டிக்கிறேன்."

வரைந்தேன். மூக்கு நன்றாக வந்தது. கீழே 'தோற்றம்' என்று எழுதிப் பிறந்த தேதி போட்டேன். 'மறைவு' என்பதற்கு எதிரே காலி. காலியாக விட்ட கட்டத்தில் கண்டவன் கண்டதை எழுதுவான் என்று பயின்றவன் நான். தெரியாத இடத்தில் உத்தேசமாக ஒன்றைப் போட்டுப் பின்னால் திருத்திக்கொள்வது எங்கள் ஆபீஸ் வழக்கம். எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்க, அடுத்த மாதத்தில் ஏதோ ஒரு நாளைத் தட்டினேன். பிறகு அதை மறந்தேன்.

நிறம் பார்க்க ஒரு சின்ன மாதிரி அச்சடிக்கப் படக் கோப்பை ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் கூப்பிட்டார்.

"எழுத்தெல்லாம் கொம்பும் காலுமா வருது சார். உங்க ஃபாண்ட் எங்ககிட்ட இல்ல. கர்வ் பண்ணி அனுப்புங்க."

கர்வ் பண்ணினால் எழுத்து எழுத்தாக இருக்காது. வெறும் கோட்டுப் படமாகிவிடும். எந்தக் கணினியிலும் அப்படியே தெரியும், தட்டித் திருத்த மட்டும் முடியாது. நம் தலையில் எழுதுகிறவனும் கர்வ் பண்ணித்தான் அனுப்புகிறான் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்தபடி, எல்லாவற்றையும் தேர்வு செய்து மாற்றி அனுப்பினேன்.

மாதிரியை எடுத்துக்கொண்டு திருவையாறு போனேன். நண்பன் மூக்கைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். பிறகு கண் கீழே இறங்கியது.

"இது யாரு குறிச்ச தேதி?"

"சும்மா போட்டதுய்யா."

"டாக்டர் நேத்துதான் ஆபரேஷனுக்கு நாள் சொன்னாரு. நவமியா இருக்குன்னு மருமக ஒருநாள் தள்ளி வைக்கச் சொன்னா." தாளைத் தட்டினான். "தள்ளி வச்சது இந்தத் தேதிக்குத்தான்."

"உத்தேசத் தேதி. நீயும் நானும் போடாததா?"

"உத்தேசம்னா பென்சில்லதானே போடுவோம்? சரி, மாத்திடு."

வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருக்கலாம். விதிமுறை தெரிந்தவனுக்கு அது வராது. "இதுல மாத்த முடியாது. கர்வ் பண்ணியாச்சு. அழிச்சிட்டுப் புதுசா எழுதணும்" என்றேன்.

முடியாது என்றது மட்டும் அவன் காதில் விழுந்தது. மறுநாளே, ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மகன் கெஞ்சினான், டாக்டர் எச்சரித்தார், நானும் போய் மூடநம்பிக்கை பற்றிப் பேசினேன். அந்தத் தேதி வந்தது, போனது. அடுத்த நாள் காலை அசோகா அல்வாவோடு என் வீட்டு வாசலில் நின்றான்.

"உன்னாலதான்யா இருக்கேன்" என்றான். அதைச் சொல்ல இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினான். ஆட்டோவிலிருந்து இறங்கி நாலு எட்டு நடந்ததற்கே உதடு நாவல்பழம் தின்றவன் உதடு போல் இருந்தது. அவன் மகன் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மகன் நேற்று போனில் பேசினான்.

"டாக்டர் இனிமே தள்ளவே கூடாதுங்கறார் சார். வேற தேதி கேட்டிருக்கோம். ஆனா அப்பா, உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேங்கறார்."

"என்கிட்ட என்ன கேக்கணுமாம்?"

"அந்தப் படத்துல இப்ப என்ன தேதி இருக்குன்னு."

கோப்பைத் திறந்தேன். பழைய தேதியைத் திருவையாற்றிலிருந்து திரும்பிய அன்றைக்கே அழித்துவிட்டிருந்தேன். 'மறைவு' என்பதற்கு எதிரே வெள்ளையாக இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

"எதுவும் இல்லைன்னு சொல்லுப்பா. காலியா இருக்கு. தைரியமாப் போகச் சொல்லு."

மகன் அதை அப்படியே திருப்பிச் சொன்னான். பின்னாலிருந்து நண்பனின் குரல், இழுத்து இழுத்து, கேட்டது.

"காலின்னா... எந்த நாளா வேணாலும்... இருக்கலாமேடா."